ஏதென்ஸில் தேர்தலா, திருவுளச்சீட்டா?

வைகறை | மார்ச் 2, காலை 10.14

பள்ளிப் பாடத்திலிருந்து டிவி விவாதம் வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: தேர்தலை உலகுக்குக் கொடுத்தது ஏதென்ஸ். ஆனால் அங்கே பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கிப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள் என்று படித்தேன். 500 பேர் கொண்ட அவையைக் குலுக்கலில் நிரப்பினால் அது ஆட்சியா, லாட்டரியா? யார் வந்தாலும் சரி என்று விட்டுவிட்டு ஒரு கடற்பேரரசை எப்படி நடத்தினார்கள்? பொத்தாம்பொதுவாக வேண்டாம், நடைமுறை வேண்டும்.

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 2, பகல் 1.40

தேர்தலும் இருந்தது. எதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் மற்றது தானே விளங்கும்.

கை தூக்கித் தேர்ந்தெடுத்தது 10 தளபதிகளை, மற்றப் படைத் தலைவர்களை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் படை நிதிப் பொருளாளரை, விழா நிதியைப் பார்த்துக்கொண்டவர்களை. அப்புறம் ஊர் நீரூற்றுகளுக்குப் பொறுப்பானவரை. வறண்ட ஊர், தண்ணீரைக் குலுக்கலுக்கு விடவில்லை. தளபதியை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி தேர்ந்தெடுக்கலாம். பெரிக்ளிஸ் கடைசிக் காலத்தில் சுமார் 15 ஆண்டு இடைவிடாமல் இருந்தது அந்தப் பதவியில்தான்.

மீதியெல்லாம் குலுக்கல். 500 பேர் அவை, 9 ஆர்க்கன்கள் (ஆண்டின் முதன்மை அதிகாரிகள்), சிறையைக் கவனித்த பதினொருவர், சந்தை, எடையளவு, தானிய விலை, தெரு, துறைமுகம். அவையை விட்டுவிட்டால் இன்னும் 600, 700 பதவிகள். எல்லாம் ஓராண்டு. அவையில் ஆயுளுக்கு இரண்டு முறைதான் உட்காரலாம், மற்றக் குலுக்கல் பதவிகளில் ஒரே முறை. வயது 30 ஆகியிருக்க வேண்டும்.

அரிஸ்டாட்டில் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறார்: குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது. தேர்தல் வைத்தால் பேர் தெரிந்தவன், பணம் உள்ளவன், பேசத் தெரிந்தவன் வருவான். நம் வேட்பாளர்களின் சொத்துப் பட்டியலைப் படித்துவிட்டு அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

மொட்டைக்கடுதாசி | மார்ச் 2, பகல் 2.05

அப்போ கவுன்சிலர் சீட்டுக்கு யாருக்கும் பெட்டி கொடுக்க வேண்டியதில்லை. பொற்காலம்தான்.

தராசுமுள் | மார்ச் 2, இரவு 9.30

பெட்டி அங்கேயும் போயிருக்கிறது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ நூலின் 62-ஆம் பகுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் சில பதவிகளின் இடங்களை ஊர்களுக்குப் பங்கிட்டு, அந்தந்த ஊரில் குலுக்கினார்கள். ஊர்க்காரர்கள் இடத்தை விற்கத் தொடங்கினார்கள். அதனால் அந்தப் பதவிகளை ஊர்களிடமிருந்து பிடுங்கி, முழுக் குலத்துக்கும் சேர்த்துக் குலுக்க ஆரம்பித்தார்கள். அவை உறுப்பினரையும் காவலரையும் மட்டும் ஊர்களிடமே விட்டுவைத்தார்கள்.

குலம், ஊர் என்றால் என்ன என்று புதியவர்களுக்கு: கி.மு. 508/7-இல் கிளைஸ்தனிஸ் செய்த ஏற்பாடு. அட்டிகா (ஏதென்ஸ் நகரமும் சுற்றியுள்ள நாட்டுப்புறமும்) முழுவதும் 139 ஊர்கள். அவற்றை நகரம், கடற்கரை, உள்நாடு என்று பிரித்து 30 தொகுப்புகளாக்கினார். வகைக்கு ஒன்றாக மூன்று தொகுப்பு சேர்த்தால் ஒரு குலம், ஆக 10 குலங்கள். ஒரே குலத்தில் மீனவனும் கரி சுடுபவனும் நகரத்துச் செருப்புத் தைப்பவனும் இருப்பார்கள். பழைய பெருங்குடும்பங்கள் தம் வட்டாரத்தை மொத்தமாக வளைத்துப் போட முடியாது. குலத்துக்கு 50 பேர் வீதம் அவை 500. ஊரின் அளவுக்கேற்ப இடம்: அக்கர்னே என்ற பெரிய ஊருக்கு 22, குட்டி ஊர்களுக்கு ஒன்றோ இரண்டோ.

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 3, காலை 7.20

“யார் வந்தாலும் சரி” என்பதற்கு வருகிறேன். யார் வந்தாலும் சரி என்று அவர்கள் விடவே இல்லை.

பதவி ஏற்பதற்கு முன் ஒரு விசாரணை. ஆர்க்கனாக வருபவரிடம் கேட்ட கேள்விகள் அப்படியே பதிவாகியிருக்கின்றன. அப்பா யார், எந்த ஊர்? அப்பாவின் அப்பா? அம்மா யார், அம்மாவின் அப்பா யார், எந்த ஊர்? அப்பல்லோவுக்கும் வீட்டு முற்றத்து சியூசுக்கும் உனக்கு வழிபாட்டிடம் உண்டா, எங்கே? குடும்பக் கல்லறைகள் எங்கே? பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா? வரி கட்டுகிறாயா? போருக்குப் போனாயா? எல்லாவற்றுக்கும் சாட்சி வேண்டும். பிறகு, “இவர் மீது குற்றம் சொல்ல யாராவது உண்டா?” என்று கூட்டத்தைக் கேட்பார்கள்.

திறமையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, கவனியுங்கள். ஒழுங்கான குடிமகனா என்பது மட்டும்தான்.

பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை. குலுக்கலில் வந்த 10 தணிக்கையாளர்கள், அவர்களுக்கு உதவியாக 10 வழக்காடிகள், எல்லாம் நீதிமன்றத்துக்குப் போகும். பணமே கையாளாதவரும் “நான் எதையும் வாங்கவும் இல்லை, செலவழிக்கவும் இல்லை” என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு முடியும்வரை வெளியூர் போகக் கூடாது, சொத்தைக் கோயிலுக்குக்கூட எழுதிவைக்கக் கூடாது. பதவிக் காலத்தின் நடுவிலும் ஒவ்வொரு பிரிட்டனியிலும் (ஆண்டின் பத்தில் ஒரு பங்கு, 35 அல்லது 36 நாள்) குடிமக்கள் எல்லாரும் கூடும் பேரவையில் “இவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா?” என்று வாக்கெடுப்பு.

மேலும் எல்லாப் பதவியும் குழுப் பதவி, பெரும்பாலும் 10 பேர். ஒருவன் மண்டூகமாக இருந்தாலும் மற்ற ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

வைகறை | மார்ச் 3, காலை 11.00

சரி. குலுக்கல் எப்படி நடந்தது? பானையில் சீட்டுப் போட்டா?

தராசுமுள் | மார்ச் 3, இரவு 10.15

பதவிகளுக்கு அவரைக்கொட்டை. வெள்ளைக் கொட்டை வந்தவனுக்குப் பதவி. சாக்ரடீசைக் குற்றம்சாட்டியவர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: “கப்பலோட்டியையோ தச்சனையோ குழல் ஊதுபவனையோ யாரும் அவரைக்கொட்டை போட்டு எடுக்க மாட்டார்களே, ஆட்சியாளரை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டு இளைஞர்களைக் கெடுக்கிறார்” என்று. சாக்ரடீசின் மாணவர் செனோஃபோன் எழுதிவைத்திருக்கிறார்.

நீதிமன்றங்களுக்குத்தான் தனி இயந்திரம். பெயர் கிளெரோடீரியன். ஓட்டாஞ்சில்லு எழுதட்டும், அது அவர் பேட்டை.

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 4, மாலை 6.50

எழுதுகிறேன், நீளமாக வரும்.

ஆண்டுக்கு 6,000 நடுவர்கள் (வழக்கைக் கேட்டு வாக்களித்துத் தீர்ப்பு சொல்லும் குடிமக்கள்) பதிவு. 30 வயதுக்கு மேல், அரசுக்குக் கடன் பாக்கி இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெண்கலத் தகடு, அரிஸ்டாட்டில் காலத்தில் மரத் தகடு. அதில் பெயர், அப்பா பெயர், ஊர், ஆல்ஃபா முதல் காப்பா வரை (கிரேக்கத்தின் முதல் பத்து எழுத்துகள்) ஏதாவது ஓர் எழுத்து. ஒவ்வொரு குலத்து நடுவர்களையும் பத்துப் பிரிவாக்கியிருந்தார்கள், அந்தப் பிரிவின் எழுத்து அது.

விடிகாலையில் நீதிமன்ற வளாகத்தின் 10 வாசல்கள், குலத்துக்கு ஒன்று. வாசலில் 10 பெட்டிகள், பிரிவுக்கு ஒன்று. வருகிறவன் தன் எழுத்துள்ள பெட்டியில் சீட்டைப் போடுகிறான். பெட்டியைக் குலுக்கி ஆர்க்கன் ஒரு சீட்டை எடுக்கிறார். அந்த ஆள்தான் அன்றைக்கு அந்தப் பெட்டியின் சீட்டுகளைக் கல்லில் செருகுபவன். தினமும் ஒரே ஆள் செருகினால் கோல்மால் செய்வான் என்பதால் அதற்கும் குலுக்கல். அவனுக்கு நடுவர் வேலை உறுதி, அதுதான் கூலி.

கல் என்பது ஆளுயரப் பலகை. முகப்பில் சீட்டு நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் காடிகள், ஐந்து நெடுவரிசை. குலத்துக்கு இரண்டு கல்: ஒன்றில் ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை, மற்றதில் ஜீட்டா முதல் காப்பா வரை. ஒவ்வொரு பெட்டியின் சீட்டும் தன் எழுத்துள்ள நெடுவரிசையில் மேலிருந்து கீழாக ஏறும். ஆகவே குறுக்கே பார்த்தால் ஒரு வரிசையில் பிரிவுக்கு ஒருவராக 5 பேர்.

பக்கவாட்டில் ஒரு குழாய், மேலே புனல். அதில் வெள்ளையும் கருப்புமாகப் பகடைகளைக் கலந்து கொட்டுவார்கள். கீழே ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் வருவது முதல் வரிசைக்கு. வெள்ளை என்றால் அந்த 5 பேரும் உள்ளே. கருப்பு என்றால் 5 பேரும் வீட்டுக்கு.

கணக்கு போட்டுப் பாருங்கள். அன்றைக்கு 500 பேர் வீதம் மூன்று மன்றம், ஆக 1,500 பேர் வேண்டும். குலத்துக்கு 150, கல்லுக்கு 75. வரிசைக்கு 5 என்றால் 15 வெள்ளைப் பகடை. கல்லில் 120 சீட்டு சீராக ஏறியிருந்தால் 24 வரிசை, எனவே கருப்பு 9.

சிக்கல் எங்கே வரும்? ஒரு பிரிவிலிருந்து 24 பேரும் இன்னொன்றிலிருந்து 19 பேரும் வந்தால், இருபதாவது வரிசையிலிருந்து ஒரு காடி காலி. அங்கே வெள்ளை விழுந்தால் 5-க்குப் பதில் 4 பேர்தான் கிடைப்பார்கள். குறைந்த சீட்டுள்ள நெடுவரிசையோடு பகடையை நிறுத்திவிட்டு, கீழே தொங்குபவர்களை அப்படியே அனுப்பியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சிலரின் ஊகம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 4, இரவு 8.10

இத்தோடு முடியவில்லை. உள்ளே போனவனுக்கு எந்த மன்றம் என்று இன்னும் தெரியாது.

அவன் ஒரு சாடிக்குள் கைவிட்டு ஓக் கொட்டை ஒன்றை எடுக்கிறான். அதில் மன்றத்தின் எழுத்து. பதினோராம் எழுத்தான லாம்டாவில் தொடங்கும், ஏனென்றால் முதல் பத்து எழுத்தும் பிரிவுகளுக்குப் போய்விட்டன. கொட்டையை ஆர்க்கனிடம் காட்ட வேண்டும். ஆர்க்கன் அவன் சீட்டை அந்த மன்றத்தின் பெட்டியில் போடுவார். பிறகு அவன் கையில் ஒரு கோல், மன்ற வாசலின் மேல்விட்டத்துக்கு அடித்திருக்கும் அதே வண்ணம். வேறு மன்றத்துக்குள் நுழைந்தால் கோலின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மன்றத்துக்கு எந்த அதிகாரி தலைமை என்பதும் அன்றைக்குத்தான் குலுக்கலில் முடிவாகும்.

ஏன் இத்தனை கெடுபிடி? கி.மு. 409-இல் பைலோஸ் கோட்டை கைவிட்டுப் போனது. அந்த வழக்கில் மாட்டிய அனிட்டஸ் என்ற தளபதி நடுவர்களுக்குப் பணம் கொடுத்துத் தப்பினான். அப்படிச் செய்த முதல் ஆள் அவன்தான் என்கிறது ‘ஏதென்ஸ் அரசமைப்பு’. அப்போதெல்லாம் எந்த நடுவன் எந்த மன்றத்தில் உட்காருவான் என்பது முன்கூட்டியே தெரியும். இந்தக் கல்லும் கொட்டையும் கோலும் வந்த பிறகு யாருக்குக் கொடுப்பது? 6,000 பேருக்கும் கொடுக்க வேண்டும்.

ஏதென்ஸ்காரன் அதிர்ஷ்டத்தை நம்பிக் குலுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை நம்பாததால் குலுக்கினான்.

மொட்டைக்கடுதாசி | மார்ச் 4, இரவு 8.31

இதே அனிட்டஸ்தானே 10 வருஷம் கழித்து சாக்ரடீஸ் மேல் கேஸ் போட்டது? ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டார்.

தராசுமுள் | மார்ச் 4, இரவு 11.02

அவரேதான். கி.மு. 399, மூன்று வழக்காளிகளில் ஒருவர்.

விசாரணைப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில் சுட்ட மண் நீர்க்கடிகாரம் ஒன்று கிடைத்தது. சாதாரண வாளி மாதிரிதான் இருக்கும். அடியில் வெண்கலக் குழாய், விளிம்புக்குக் கீழே ஒரு துளை. துளை எதற்கென்றால், அதிகமாக ஊற்றினாலும் அது வழியே வழிந்து அளவு சரியாக நிற்கும். கொள்ளளவு இரண்டு கூஸ், அதாவது சுமார் 6.4 லிட்டர். ஓடித் தீர ஏறக்குறைய 6 நிமிடம். 5,000 திராக்மாவுக்கு மேற்பட்ட தனியார் வழக்கு என்றால் முதல் பேச்சுக்கு 10 கூஸ், இரண்டாம் பேச்சுக்கு 3. இந்த வேகத்தில் அரை மணி, 9 நிமிடம். தனியார் வழக்கில் சட்டமோ சாட்சியமோ படிக்கும்போது குழாயை அடைத்துவிடுவார்கள்.

வழக்கறிஞர் கிடையாது, தானே பேச வேண்டும். காசு இருந்தால் எழுதிக் கொடுக்க ஆள் உண்டு.

வாக்குக்கு ஒவ்வொரு நடுவனுக்கும் இரண்டு வெண்கல வட்டு, நடுவில் குட்டி அச்சு. அச்சு துளையுள்ளது வழக்குத் தொடுத்தவனுக்கு, கெட்டியானது எதிராளிக்கு. அச்சின் இரு முனையையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. எண்ண வேண்டியது வெண்கலக் கலசத்தில், வேண்டாதது மரக் கலசத்தில். வெண்கலக் கலசத்தின் மூடியில் ஒரு வட்டு மட்டும் நுழையும் துளை. வாக்களித்தவனுக்குத்தான் மூன்றைக் குறிக்கும் காமா எழுத்துள்ள வில்லை, அதைக் காட்டினால்தான் 3 ஓபோல் (அரைத் திராக்மா) கூலி. சமமாக விழுந்தால் எதிராளிக்கு விடுதலை. பொது வழக்குத் தொடுத்தவன் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூட வாங்காவிட்டால் 1,000 திராக்மா அபராதம். வெட்டி வழக்குக்கு அதுதான் கடிவாளம்.

கல்லெழுத்து | மார்ச் 5, காலை 9.25

இதெல்லாம் நம் குடவோலைதானே? நாம்தான் முன்னோடி என்று ஏன் யாரும் எழுதவில்லை?

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 5, பகல் 12.45

காலத்தை முதலில் பாருங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. கிளைஸ்தனிசுக்கு 1,400 ஆண்டு பிந்தியவை. அகநானூறு 77-இல் “கயிறு பிணிக் குழிசி ஓலை கொண்மார்” என்று வருகிறது. அதைக் குடவோலைக்குச் சான்றாகச் சொல்வார்கள். அப்படியே கொண்டாலும் ஏதென்ஸுக்கு முந்தியதாகாது. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததற்கும் சான்று இல்லை.

ஆனால் ஒப்பிட நல்ல விஷயம் இருக்கிறது. 921-இன் விதிகள்: 30 குடும்பு (ஊர்ப் பிரிவு), வயது 35 முதல் 70, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. மூன்றாண்டுக்குள் பதவியில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. எழுத்தறியாத சிறுவன் ஓலை எடுப்பான். கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரனையும் விலக்கியது ஏதென்ஸ் யோசிக்காதது, ஒரு படி மேல். ஆனால் இது பிராமணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை, நிலமும் கல்வியும் வேண்டும். ஏதென்ஸில் அவைக்கும் நடுவர் வேலைக்கும் நிலம் கேட்கவில்லை, கல்வி கேட்கவே இல்லை. ஆர்க்கன் போன்ற பதவிகளுக்குக் கடைசி வருமான வகுப்பான தீட்டீசுக்குச் சட்டப்படி தடை. அது எப்படி நடந்தது என்றால், “நீ எந்த வகுப்பு?” என்று கேட்கும்போது எவனும் தீட்டீஸ் என்று சொல்லமாட்டான். விட்டுவிடுவார்கள்.

வைகறை | மார்ச் 5, மாலை 5.10

பெண்கள், அடிமைகள், வந்தேறிகள் யாரும் கிடையாது. அப்புறம் என்ன மக்களாட்சி?

தராசுமுள் | மார்ச் 6, இரவு 9.48

நியாயமான அடி. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாக்குள்ள ஆண்கள் சுமார் 30,000. கி.மு. 451/0-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா, அம்மா இருவரும் ஏதென்ஸ் குடியாக இருக்க வேண்டும். தலைமுறைகளாக அங்கேயே தொழில் செய்து வரி கட்டிய வெளியூர்க்காரனுக்கும் வாக்கு இல்லை.

அடிமைகளை வெறும் விலக்கப்பட்டவர்கள் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் அதிகாரிகள் மாறும் ஊரில் தொடர்ச்சியாக வேலை தெரிந்தவன் யார்? அரசு அடிமை. ஆவணக் காப்பகத்தில் ஓலைக்கட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அடிமை. கூட்டத்தில் ஒழுங்கைக் காத்த சித்திய வில்லாளிகள் அடிமைகள். கி.மு. 375/4-ஆம் ஆண்டுச் சட்டம் கல்லில் கிடைத்திருக்கிறது: சந்தையில் உட்கார்ந்து வெள்ளிக் காசு அசலா போலியா என்று சோதிப்பவன் அரசு அடிமை. அவன் அசல் என்று சொன்ன காசை வணிகன் மறுத்தால் அன்றைய சரக்கு பறிமுதல். சோதிப்பவன் வேலைக்கு வராவிட்டால் 50 கசையடி.

குலுக்கலில் வந்த தச்சன் ஓராண்டு அதிகாரியாக இருந்து தப்பித்ததற்கு இவர்கள் ஒரு பெரிய காரணம். அறிவு தேவைப்பட்ட இடத்தில் ஆளையே விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள், அரசியல் உரிமை இல்லாத ஆளாகப் பார்த்து.

மொட்டைக்கடுதாசி | மார்ச் 6, இரவு 10.20

தெரு அதிகாரிகள் என்ன செய்தார்கள்? அதைச் சொல்லாமல் நீர்க்கடிகாரம், பகடை என்று போய்விட்டீர்கள்.

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 7, காலை 6.30

10 பேர், 5 பேர் நகரத்துக்கு, 5 பேர் பிரேயஸ் துறைமுகத்துக்கு. மலம் அள்ளுபவர்கள் மதிலிலிருந்து 10 ஸ்டேடியத்துக்குள் (ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்) கொட்டாமல் பார்க்க வேண்டும். தெருவை மறித்துக் கட்டிடம் எழுப்பினால், மாடியை நீட்டினால், ஜன்னலைத் தெருப்பக்கம் திறந்தால் தடுக்க வேண்டும். வழியில் செத்துக் கிடப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும், அதற்கும் அரசு அடிமைகள். குழல், யாழ் வாசிக்கும் பெண்களை 2 திராக்மாவுக்கு மேல் கூலிக்கு யாரும் அமர்த்தாமல் பார்க்க வேண்டும். ஒரே பெண்ணை இரண்டு பேர் விருந்துக்குக் கேட்டால் அதற்கும் குலுக்கல்.

மொட்டைக்கடுதாசி | மார்ச் 7, காலை 6.41

இந்த ஊரில் சோறு போடவும் குலுக்கியிருப்பார்கள்.

வைகறை | மார்ச் 7, காலை 10.05

ஓட்டுச் சில்லில் பெயர் எழுதி நாடு கடத்தினார்களே, அதில் சொத்தும் போய்விடுமா? அதில் கள்ள ஓட்டு?

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 7, இரவு 9.15

சொத்து போகாது, வருமானமும் வந்துகொண்டிருக்கும். 10 நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும், 10 ஆண்டு திரும்பக் கூடாது. குற்றச்சாட்டு, விசாரணை, தற்காப்புப் பேச்சு எதுவும் கிடையாது. இந்த ஆண்டு வைக்கலாமா என்று ஆறாம் பிரிட்டனியில் கேட்பார்கள், வாக்கெடுப்பு எட்டாவதில். இடையில் இரண்டு மாதம் போல ஆறப்போடுவது நல்ல யோசனை. ஒருவரை அனுப்ப 6,000 சில்லு வேண்டும். அது மொத்தச் சில்லுகளின் எண்ணிக்கையா, ஒருவர் பெயர் மட்டும் உள்ள சில்லுகளின் எண்ணிக்கையா என்பதில் பண்டைய ஆசிரியர்களே முரண்படுகிறார்கள். நான் மொத்தம் என்ற பக்கம். 30,000 பேரில் ஒருவருக்கு எதிராக மட்டும் 6,000 சேருவது அடிக்கடி நடக்காது.

கள்ள வேலைக்குச் சான்று கையோடு இருக்கிறது. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் 1937-இல் ஒரு கிணற்றைத் தோண்டினார்கள். தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய சுமார் 190 சில்லுகள், பெரும்பாலும் குடிகோப்பைகளின் அடிப்பகுதி. எழுத்தை ஒப்பிட்டால் மொத்தம் 14 பேர் கைதான். எழுதத் தெரியாதவனுக்கும் சோம்பேறிக்கும் கொடுக்கத் தயாராக எழுதிவைத்த சரக்கு. மிஞ்சியதைக் கிணற்றில் கொட்டிவிட்டார்கள். எழுதிக் கொடுப்பது குற்றமில்லை என்றாலும், கட்சி கட்டி வேலை செய்தது தெரிகிறது.

கடைசியாக மாட்டியவன் ஹைப்பர்போலஸ், கி.மு. 417-415 வாக்கில். நிக்கியாஸ், அல்சிபியாடிஸ் என்ற எதிரெதிர்த் தலைவர்கள் இருவரில் ஒருவரை அனுப்ப வைத்த வாக்கெடுப்பில் இருவர் ஆட்களும் ரகசியமாகக் கைகோத்து மூன்றாமவனை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் இதைப் பயன்படுத்தவில்லை.

தராசுமுள் | மார்ச் 7, இரவு 11.30

சிசிலியில் உள்ள சைராக்யூசிலும் இதே மாதிரி செய்தார்கள், ஒலிவ இலையில் எழுதி, 5 ஆண்டு. பயந்துபோய் நல்ல ஆட்கள் அரசியலைவிட்டு ஒதுங்க, சீக்கிரமே ரத்து செய்தார்கள் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் டையடோரஸ்.

வைகறை | மார்ச் 9, காலை 8.55

கடைசிக் கேள்வி. விருப்பமில்லாதவன் பெயர் குலுக்கலில் வந்தால்?

ஓட்டாஞ்சில்லு | மார்ச் 9, பகல் 2.20

தானாகப் பெயர் கொடுத்தவர்களை வைத்துத்தான் குலுக்கினார்கள். அவைக்குக் கூலி 5 ஓபோல். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோயில் கட்டிய கல்தச்சனின் நாள்கூலியே 6 ஓபோல், அதாவது ஒரு திராக்மா. நகரத்திலிருந்து ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கும் விவசாயிக்கு இது கட்டாது. ஆனாலும் ஆண்டுக்கு 500 பேர் கிடைத்தாக வேண்டும், சின்ன ஊர்களில் சொந்தக்காரனும் பக்கத்து வீட்டுக்காரனும் “இந்தத் தடவை நீ போ” என்று தள்ளியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஒவ்வோர் இடத்துக்கும் மாற்று ஆள் ஒருவனையும் சேர்த்தே குலுக்குவது வழக்கம். முதலாமவன் விசாரணையில் தோற்றால் அவன் ஏறுவான்.

அவைத் தலைவர் விஷயத்தை யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிரிட்டனிக்கும் ஒரு குலத்தின் 50 பேர் அவையில் பொறுப்பு. அவர்களில் ஒருவரைத் தினமும் குலுக்கி எடுப்பார்கள். ஒரு பகல், ஒரு இரவு. கருவூலமும் ஆவணமும் இருக்கும் கோயில்களின் சாவி, அரசு முத்திரை, எல்லாம் அவரிடம். ஆயுளுக்கு ஒரே முறை. ஏதென்ஸின் ஆண்டு 354 நாள் என்று வைத்தால், 30 ஆண்டில் 10,000 பேருக்கு மேல் ஒரு நாளாவது அந்தச் சாவியை வைத்திருந்திருக்கிறார்கள்.

தராசுமுள் | மார்ச் 9, மாலை 4.00

கி.மு. 406-இல், ஆர்கினூசே கடற்போருக்குப் பிறகு தளபதிகளை மொத்தமாக ஒரே வாக்கில் கொல்லப் பேரவை துடித்த அன்று, அவையில் சாக்ரடீசின் குலம் பொறுப்பில் இருந்தது. சட்டப்படி இப்படி வாக்கெடுக்க முடியாது என்று அவர் கடைசிவரை மறுத்தார். அவரே அன்றைய தலைவர் என்று செனோஃபோன் ஓரிடத்தில் சொல்கிறார், பிளேட்டோ அவ்வளவு தூரம் போகவில்லை. எப்படியும் வாக்கெடுப்பு நடந்தது, 6 தளபதிகளுக்கு மரண தண்டனை, அதில் பெரிக்ளிஸின் மகனும் ஒருவன். அந்த ஆறு பேரும் கை தூக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எதிர்த்து நின்ற சாக்ரடீஸ் அவரைக்கொட்டையில் வந்தவர்.

மொட்டைக்கடுதாசி | மார்ச் 9, மாலை 4.12

தான் கிண்டல் பண்ணின கொட்டையிலேயே வந்தாரா! அகோராவில் கிடைத்த நீர்க்கடிகாரத்தில் ஒரு குலத்தின் பெயர் எழுதியிருக்கிறதாமே, எந்தக் குலம்?

தராசுமுள் | மார்ச் 9, மாலை 4.30

அந்தியோக்கிஸ். சாக்ரடீசின் குலமும் அதுதான். அதைவைத்து யாரும் கதை கட்ட வேண்டாம். அந்தக் குலம் பொறுப்பில் இருந்தபோது அவைக்கூடத்தில் பயன்பட்டதாக இருக்கலாம் என்பதுவரைதான் சொல்ல முடியும்.